“இவ்வளவு காலமும் ஏன் சொல்லயில்ல?”: வீட்டுக்குள் நடந்ததை வளர்ந்த பின் பேசுகிறவர்கள்

குருக்கள்மடம் என்ற பெயரை வெளியூரில் சொன்னால் இரண்டு வகையான பதில் வரும். மட்டக்களப்பு–கல்முனை வீதியில் களுவாஞ்சிக்குடிக்குப் போகிற வழியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற எழுவான்கரை ஊர், வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை என்பது ஒன்று. மற்றது 1990. அந்த வருடம் ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் இந்த ஊரில் வைத்து மறிக்கப்பட்டு, விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்கள் எங்கே என்ற கேள்வி 24 ஆண்டுகள் கழித்து, 2014இல், களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் என் காதுபடவே கேட்கப்பட்ட கேள்வி இது: இவ்வளவு காலமும் சும்மா இருந்துபோட்டு, இப்ப ஏன்?

எங்களுடைய இழப்புகளைப் பற்றி இதே கேள்வியை வேறு யாராவது கேட்டால் கொதித்துப்போவோம். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை வளாகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர், நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான், அதற்கு முன்னும் பின்னும் 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதி. வருடம் தவறாமல் விளக்கேற்றுகிறோம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரம் குந்திய தாய்மார் இன்னும் எழும்பவில்லை. 2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் அகழ்வு நடந்தபோது, ‘கால் நூற்றாண்டு கழித்து எதற்கு?’ என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சாட்சியத்துக்குக் காலாவதித் திகதி கிடையாது என்பதுதான் எங்கள் அரசியலின் அத்திவாரம்.

ஒரேயொரு வகைச் சாட்சியத்துக்கு மட்டும் நாங்களே திகதி போட்டு வைத்திருக்கிறோம். சிறுவயதில் தகப்பனோ மாமாவோ சித்தப்பாவோ தமையனோ அத்தானோ தன்னுடைய உடம்பில் செய்ததை, முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ வாய் திறந்து சொல்கிறவருடைய சாட்சியம் அது. படுகொலையும் வீட்டுக்குள் நடக்கும் துஷ்பிரயோகமும் ஒன்றல்ல. ஆனால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்.

இந்தக் கேள்வி எங்கள் வீடுகளுக்குள் கடைசியாகச் சத்தமாகக் கேட்டது 2023 மார்ச்சில். நடிகை குஷ்பு, இந்தியாவின் தேசிய மகளிர் ஆணைய உறுப்பினராக நியமிக்கப்பட்ட கையோடு, ஊடகவியலாளர் பர்கா தத்துடன் ஒரு மேடையில் பேசினார். எட்டு வயதிலிருந்து தன் தகப்பனே தன்னைத் துஷ்பிரயோகம் செய்ததாகவும், 15 வயதில்தான் எதிர்க்கத் துணிந்ததாகவும் சொன்னார். அம்மா நம்பமாட்டாரோ என்ற பயம், வீட்டில் மற்றவர்களுக்கு என்ன நடக்குமோ என்ற பயம். அந்த அம்மாவும் அடிவாங்கியே வாழ்ந்தவர்; என்ன நடந்தாலும் புருஷன்தான் தெய்வம் என்று நம்பியவர். சில நாள் இடைவெளியில் டில்லி மகளிர் ஆணையத்தின் அன்றைய தலைவி சுவாதி மாலிவாலும் தன் தகப்பனைப் பற்றி இதேபோலச் சொன்னார்.

குஷ்பு யாரென்று எங்கள் வாசகருக்கு அறிமுகம் தேவையில்லை. 2005இல் திருமணத்துக்கு முந்திய உறவு பற்றி ஒரு கருத்துச் சொன்னதற்காக அவர்மேல் 20க்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன. 2010 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்யும்வரை ஐந்து வருடம் பின்வாங்காமல் நின்றார். கட்சிகளையும் ஊர்வலங்களையும் நீதிமன்றங்களையும் எதிர்கொள்ள இருந்த துணிவு, தகப்பனைப் பற்றிப் பேச 52 வயதுவரை வரவில்லை. பணமும் பெயரும் பதவியும் உள்ளவருக்கே இத்தனை காலம் எடுத்ததென்றால், எருவில் பற்றில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு எவ்வளவு எடுக்கும் என்பதை நாங்கள் ஏன் கணக்குப் பார்ப்பதில்லை?

அந்த வாரத்தில் வேறொரு வேலையாகக் குருக்கள்மடத்துக்குப் போயிருந்தேன். ஒரு வளவுக்குள் நாலைந்து பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கைத்தொலைபேசியில் அந்தச் செய்தி ஓடியது. “இப்ப சொல்லி என்னகா வரப்போகுது?” என்றார் வயதில் மூத்தவர். “பெத்த தகப்பன இழுத்துக் கதைக்கிறதா?” என்றார் இன்னொருவர். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேச்சு உடனே மரக்கறி விலைக்கு மாறாமல் அப்படியே நின்றதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் எதுவும் கேட்கவில்லை, அவர்களும் எதுவும் சொல்லவில்லை. அதற்குமேல் அந்த மௌனத்துக்கு நான் அர்த்தம் கற்பிக்கப்போவதில்லை. குருக்கள்மடம் மற்ற ஊர்களைவிட மோசமான ஊரும் அல்ல. எந்த ஊரிலும் இதுதான் நடந்திருக்கும்.

இந்தக் கட்டுரையில் பாதிக்கப்பட்ட எங்கள் ஊர்க்காரர் யாருடைய கதையும் இல்லை. பெயரை மாற்றினாலும் வளவில் நிற்கும் மரத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடிய அளவுக்கு எங்கள் ஊர்கள் சிறியவை. தாங்களாகவே பகிரங்கமாகப் பேசியவர்களை வைத்தே பேசலாம்.

அப்படிப் பேசியவர்களில் எங்களுக்கு மிக நெருக்கமானவர் பூர்ணிமா கோவிந்தராஜுலு. சென்னையில் பிறந்து கனடாவில் வாழும் உயிரியல் விஞ்ஞானி. ஆறு வயதிலிருந்து 13 வயதுவரை உறவினர் ஒருவர் தன்னைத் துஷ்பிரயோகம் செய்ததாக, நாற்பது வருடம் கழித்துச் சென்னைப் பொலிஸில் முறையிடப் போனார். இவ்வளவு பழைய சம்பவத்துக்கு வழக்கெடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. இணையத்தில் மனுப் போட்டுக் கையெழுத்துத் திரட்டினார். 2018இல் அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தியைச் சந்தித்தார். அவருக்கு அப்போது 53 வயது. அந்த வருட ஒக்டோபரில், சிறுவர் பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறையிடக் கால எல்லை கிடையாது, வளர்ந்த பிறகும் முறையிடலாம் என்று இந்தியச் சட்ட அமைச்சின் விளக்கம் வெளியானது. 2012க்கு முன் சிறுமியாக இருந்த அவருக்கு அதனால் நேரடிப் பயன் குறைவு. பின்னால் வருகிறவர்களுக்காக அவர் தட்டிய கதவு அது.

இங்கே கவனிக்க வேண்டியது அவர் எங்கிருந்து பேசினார் என்பது. கடல் கடந்து, சொந்த வருமானத்தோடு, அந்த உறவினரின் முகத்தைத் தினமும் பார்க்காத தூரத்திலிருந்து. துஷ்பிரயோகம் செய்தவருடைய சோற்றில் இருக்கும்வரை பிள்ளையால் பேச முடியாது. அதற்குச் சொல்லும் இருக்காது. எட்டு வயதில் நடந்ததற்குப் பெயர் உண்டென்பது 18 வயதிலோ 25 வயதிலோதான் தெரியவரும். பிறகு கலியாணம், பிள்ளை. சொந்த மகள் அதே வயதுக்கு வரும்போது பலருக்கும் மூடி வைத்தது திறந்துகொள்வதாக உளவளத்துணையாளர்கள் சொல்வார்கள். அந்த ஆளையே பிள்ளைக்குத் தாத்தா என்று காட்ட வேண்டிவரும்போது, அவர் கோயில் வண்ணக்கராகவோ சங்கத் தலைவராகவோ மாலை போட்டு நிற்கும்போது, அல்லது அவர் செத்து ஊரே புகழ்ந்து அழும்போது. ‘ஏன் இப்ப?’ என்பதற்கு அநேகமாக ஒவ்வொருவரிடமும் மிகத் தெளிவான பதில் இருக்கும். நாங்கள்தான் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை.

மட்டக்களப்பில் இதற்கு இன்னொரு கனம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் எழுதப்படும் கட்டுரைகளில் இது வராது. இங்கே வீடு பெண்ணுக்குரியது. தாய்வழிக் குடி மரபில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்குத் தாய் வீடு, அடுத்தவளுக்கு அதே வளவில் ஒரு துண்டு, அதற்கடுத்தவளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம். பெண்ணுக்கு இது பெரிய பலம். புகுந்த வீட்டில் தனித்துப்போகிற நிலை இங்குள்ள பெண்ணுக்குக் குறைவு என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதும் உண்மைதான். அதே ஏற்பாட்டின் மறுபக்கம் இது: அத்தான், சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் ஒரே கிணற்றடியைச் சுற்றி இருக்கிறார்கள். பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது, எந்த வீட்டில் படுத்தது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் எங்கட வீடு.

அந்தப் பிள்ளை வளர்ந்து பேச நினைத்தால் யாரிடமிருந்து எதை உடைக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அத்தானைச் சொன்னால் அக்காவின் வாழ்க்கை. சித்தப்பாவைச் சொன்னால் தன்னைத் தூக்கி வளர்த்த சின்னம்மா. மாமாவைச் சொன்னால், சடங்குகளில் முன்னுக்கு நிற்க வேண்டிய, தாயின் ஒரே பாதுகாப்பான சகோதரன். வேறு ஊருக்குப் போகலாமென்றால் உறுதியில் அவளுடைய பெயருள்ள ஒரே சொத்து அதே வளவுக்குள் இருக்கிறது. எங்களூரில் ஒரு பெண் வாய் திறப்பதென்றால், தன் காலடி மண்ணையும் சேர்த்துப் பணயம் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

போர் இதன்மேல் இன்னொரு பூட்டைப் போட்டது. ஆபத்து வெளியிலிருந்து வரும் என்று முப்பது வருடம் எங்களுக்குப் பழக்கப்பட்டுவிட்டது. சுற்றிவளைப்பு வெளியில், வெள்ளை வான் வெளியில், பிள்ளை பிடிக்க வந்தவர்களும் வெளியில். எதிலிருந்து தப்பவும் பிள்ளையை உள்ளே தள்ளினோம். ஆட்சேர்ப்புக்குப் பயந்து மாமா வீட்டுக்கு அனுப்பினோம். பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தோம். வயது வரமுன்னமே கலியாணம் கட்டிக் கொடுத்தோம். 1990இலும், 2004 கடல்கோளிலும், 2006–07இலும் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிள்ளைகள் யார் யாருடனோ படுத்தெழும்பினார்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு, முகாமில் பதிவதற்கும் சோதனைச்சாவடியில் கதைப்பதற்கும் ஒரு ஆண் துணை தேவைப்பட்டது. அந்தத் துணையே பிள்ளைக்குத் தீங்கானபோது, அதைப் பார்க்கக்கூடிய நிலையில் அந்தத் தாய் இருக்கவில்லை. சிலர் பார்த்தும் பேசாதிருந்தார்கள். அவர்களை மன்னிப்பதோ தண்டிப்பதோ பாதிக்கப்பட்ட பிள்ளையின் உரிமை. அதில் எனக்கு வேலையில்லை.

கடல்கோளுக்குச் சில வாரங்கள் கழித்து, வடக்கு–கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய உளவியல் ஆய்வொன்று 2008இல் வெளியானது. 82.4 வீதமானோர் போர் சார்ந்த சம்பவம் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். வீட்டுக்குள் வன்முறை சார்ந்த அனுபவம் ஒன்றையாவது சொன்னவர்களோ 95.6 வீதம். அதில் பெரும்பகுதி அடி உதை. பாலியல் துஷ்பிரயோகத்தின் கணக்காக இதை எடுக்கக் கூடாது. தகப்பனின் குடியும், முன்பு பட்ட போர் அனுபவமும் வீட்டு வன்முறையின் அளவோடு தொடர்புபட்டிருந்ததை அந்த ஆய்வு காட்டியது. போரையும் கடல்கோளையும் எண்ண வந்தவர்கள், மூன்றாவதாக வீட்டையும் எண்ண வேண்டியிருந்தது என்பதுதான் என் கண்ணில் படுவது. அந்த மாணவர்கள் இன்று முப்பதைத் தொடுகிறார்கள், தாண்டியும் இருக்கிறார்கள். இனிப் பேசப்போவது அந்தத் தலைமுறைதான்.

மட்டக்களப்பு உளநலப் பணிகளுக்குப் பெயர்போன மாவட்டம். 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு வந்து களிமண்ணிலும் நிறத்திலும் தங்கள் பயத்தை இறக்கி வைத்த பிள்ளைகள் ஏராளம். 1991இல் கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்களால் தொடங்கப்பட்டு 1993இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், போர் நடக்கும்போதே வீட்டு வன்முறையைப் பற்றிப் பேசியது. ‘இனப்பிரச்சினை முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று அவர்களுக்கு எத்தனை தடவை சொல்லப்பட்டிருக்கும்! போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அந்தப் ‘பிறகு’ வரவில்லை.

வராததற்குக் காரணம், இந்த வன்முறையில் எதிரி எங்களுக்கு வசதியானவர் இல்லை. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. நடந்திருக்கவே வேண்டியவை அவை. சீருடைக்காரர் செய்தால் அது இன அழிப்பின் பகுதி, வெளியூர்க்காரர் செய்தால் காடையர்தனம். தகப்பன் செய்தால் மட்டும் ‘அது அந்தக் குடும்பத்துப் பிரச்சினை’. அதற்கு எந்த ஊரிலும் கடையடைப்பு நடந்து நான் கண்டதில்லை.

அரசாங்கமும் இதே வழியில்தான் யோசித்தது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு நடைமுறை வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாதென்றது. மத்திய கிழக்குக்குப் பெண்களை அனுப்பி உயிர்பிழைத்த எங்கள் மாவட்டத்துக்கு அது நேரடியாக விழுந்த அடி. தாய் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்பது அதன் நியாயம். அந்த ஆபத்து எந்த ஆளிடமிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. தாயை மறித்தார்கள், அவ்வளவுதான். இப்போதும் இப்படியொரு செய்தி வந்தால் கீழே விழும் முதல் கருத்து, ‘தாய் எங்க போனவ?’ என்பதாகவே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? எங்கள் ஆட்கள் நினைப்பதைவிட அதிகம் சொல்கிறது. 1995ஆம் ஆண்டு 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் 364அ என்ற பிரிவைச் சேர்த்து, குடும்ப உறவுக்குள் நடக்கும் புணர்ச்சியைத் தனிக் குற்றமாக்கியது. 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையை அப்படியான உறவுமுறைக்காரர் வல்லுறவுக்கு உட்படுத்தினால் ஆகக் குறைந்தது 15 வருடக் கடூழியச் சிறை. 364அ பிரிவின் கீழ் வழக்குப் போட சட்டமா அதிபரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கோப்பு கொழும்புக்குப் போய்த் திரும்பும் காலத்தில் பல குடும்பங்கள் ‘சமாதானமாகி’விடுகின்றன. இத்தனை பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்று சாட்சியக் கட்டளைச் சட்டம் கேட்பதில்லை. ஒருவருடைய நம்பத்தகுந்த சாட்சியமே போதும் என்பது அதன் 134ஆம் பிரிவின் பொருள். ‘கண்டவர் ஒருத்தரும் இல்லையே’ என்று பொலிஸ் நிலையத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினால், அது சட்டம் பேசுவதல்ல, அங்கே இருக்கிறவர் பேசுவது.

வளர்ந்தவர்களுக்கு முக்கியமானது காலக் கணக்கு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் பொது விதிப்படி கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 ஆண்டு எல்லை இருக்கிறது. பாதிக்கப்பட்டபோது பிள்ளையாக இருந்தவருக்கு அந்தக் கணக்கு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்க வேண்டும். தாங்களாகவே ‘முடிஞ்சி போச்சி’ என்று முடிவெடுக்கக் கூடாது. வழக்கு வேண்டாம், அந்த ஆள் இனி மிரட்டாமல் இருந்தால் போதும் என்கிறவருக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்கவென 2015இல் ஒரு சட்டம் வந்து, 2023இல் புதிதாக இயற்றப்பட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. களுவாஞ்சிக்குடியில் ஒரு பெண் போய் உட்கார்ந்து தமிழில், மற்றவர் காதில் விழாமல், இதைச் சொல்ல ஒரு அறை இருக்கிறதா என்பதிலிருந்துதான் அந்தச் சட்டங்களின் பெறுமதி தொடங்கும்.

ஆண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சட்டத்தில் வல்லுறவு என்பது பெண்ணுக்கு மட்டும் நடக்கும் குற்றம். சிறுவனுக்கு நடப்பது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற வேறு பிரிவின் கீழ் வரும். தண்டனை அங்கும் கடுமையானதே. ஆனால் சொல் இல்லாத இடத்தில் பேச்சும் இல்லாமல் போகிறது. நாற்பது வயது ஆணொருவர் ‘எனக்குச் சின்ன வயசில இப்படி நடந்தது’ என்றால் முதலில் சிரிப்புத்தான் வரும். பிறகு அவருடைய ஆண்மை பற்றிய சந்தேகம். பிறகு அவருக்குப் பிள்ளை கொடுக்கலாமா என்ற கேள்வி. போரில் சித்திரவதைப்பட்ட ஆண்கள் தங்களுக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொல்ல எவ்வளவு திணறினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வீட்டில் நடந்ததைச் சொல்ல அதைவிடத் திணறுவார்கள்.

என் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விடயத்தைப் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி இரண்டு வருடம்வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். எங்கள் தமிழ் இணையத்தளங்களில் பல இதைக் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. பெயரை விட்டுவிட்டு ஊரைப் போடுவார்கள், வயதைப் போடுவார்கள், தகப்பனின் தொழிலைப் போடுவார்கள். சில வேளை வீட்டுப் படமே வரும். தகப்பனின் பெயரைப் போட்டால் மகளின் பெயரைத் தனியாகப் போடத் தேவையில்லை. இப்படியான ஒரு செய்தியை வாசிக்கிற, இருபது வருடமாக மூடி வைத்திருக்கிற இன்னொரு பெண், ‘நான் வாய் திறந்தால் எனக்கும் இதுதான்’ என்று முடிவெடுக்க வேறு பயமுறுத்தல் தேவையா?

வேறு நாடுகளில் இது எப்படித் திறந்தது என்று பார்த்தால், தனி வழக்குகளால் திறக்கவில்லை. பிரான்ஸில் 2021 ஜனவரியில் சட்டத்தரணி கமீய் கூஷ்னர், தன் இரட்டைச் சகோதரனை மாற்றாந்தகப்பன் துஷ்பிரயோகம் செய்ததைப் புத்தகமாக எழுதினார். அந்த வழக்குக் கோப்பு காலம் கடந்ததென்று அதே வருடமே மூடப்பட்டது. (பிள்ளையாகப் பாதிக்கப்பட்டவர் 48 வயதுவரை வல்லுறவு வழக்குத் தொடரலாம் என்று 2018இல் அங்கே எல்லையை நீட்டியிருந்தும் அந்தச் சம்பவத்துக்கு அது உதவவில்லை.) ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் குடும்பங்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். அரசு ஒரு சுயாதீன ஆணைக்குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. அது சுமார் 30,000 சாட்சியங்களைக் கேட்டு, 2023 நவம்பரில் 82 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. வருடத்துக்கு 160,000 பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாகிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. சாட்சி சொல்ல வந்தவர்களுக்கு அந்த ஆணைக்குழு முதலில் சொன்ன செய்தி, உங்களை நம்புகிறோம் என்பது.

ஆணைக்குழு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனத்துக்கு அலுப்பு வரும் என்பது தெரியும். கற்றுக்கொண்ட பாடங்கள் முதல் காணாமல் போனோர் வரை எத்தனை தடவைதான் சொல்வது! கொழும்பிலிருந்து இன்னொன்று வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாட்சி கேட்கும் பழக்கம் எங்களிடமே நிறைய இருக்கிறது. காணாமல் போனவரின் தாய் பேசும்போது இடையில் குறுக்கிடக் கூடாது, திகதி பிசகினால் பொய்யென்று சொல்லக் கூடாது, அழுதால் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்று எங்கள் பெண்கள் அமைப்புகளுக்கும் மனித உரிமைப் பணியாளர்களுக்கும் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. முப்பது வருடத்தில் கைவந்த வேலை அது. வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல வருகிறவர்முன் அதே ஆட்களில் பலர் ஏன் நீதவான்களாக மாறிப்போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

பேச வருகிறவர்களில் எல்லோரும் சிறைக்கு அனுப்பச் சொல்வதில்லை. இந்தியாவில் 1996இலிருந்து வளர்ந்த பெண்களோடு இந்த விடயத்தில் வேலை செய்துவரும் ராஹி போன்ற அமைப்புகளின் அனுபவமும், இங்குள்ள உளவளத்துணையாளர்கள் சொல்வதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பலருக்கு முதலில் வேண்டியது தாயோ சகோதரமோ ‘ஓம், நடந்திருக்கும்’ என்று ஒப்புக்கொள்வது. அடுத்தது, வீட்டில் இப்போது இருக்கும் சின்னப் பிள்ளைகளை அந்த ஆளிடம் தனியே விடாதிருப்பது. இதற்கு நீதிமன்றம் தேவையில்லை. ஒரு குடும்பம் ஒரு பின்னேரத்தில் முடிவெடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929, பெண்களுக்கு 1938, மனம் தாங்காத நேரத்தில் பேச 1926 என்ற இலக்கங்கள் இருக்கின்றன.

இனி ஒரு சாமத்தியச் சடங்கு வரும். யாருக்கு முதல் அழைப்பு, யார் முன்னுக்கு நிற்பது, யார் பிள்ளைக்குக் கிட்டப் போவது என்று ஒரு வளவு முழுவதும் கூடியிருந்து பேசும். அந்தப் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டு, தாயாகிவிட்ட ஒருத்தி, “அவர் வரக் கூடாது” என்பாள். ஏனென்று கேட்பார்கள்.

அவள் காரணத்தைச் சொன்ன பிறகு, அந்தப் பெயரை வெட்டுவார்களா, அவளையே ஒதுக்கி வைப்பார்களா?